எடம் பார்க்கிற மனுஷன்

என் அக்கா வீட்டுக்காரரின் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் 'எடம் இல்ல' என்பதுதான். என் புருஷன் மௌத்தாகி, இத்தா இருக்கிற நாலு மாதம் பத்து நாளும் முடிந்து, ஒரு தகரப் பெட்டியோடு நான் போய் நின்றது அந்த மனுஷனின் வாசலில்.

அவர் 'வா' என்று சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்தார். குனிந்து சாண் போட்டு அளந்தார். "இது என் கட்டிலுக்கு அடியில போவும்" என்று தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். பெட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்குமா என்பது, அதன்பிறகு அந்த வீட்டில் எல்லோரும் நினைத்து யாரும் வாய்விட்டுப் பேசாத பேச்சாக இருந்தது.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. யாராவது கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு அவர் மச்சான். செங்கல்பட்டுக்கு மேஸ்திரி பாய். ஏரிப் பக்கம் போகிற ரோட்டில் அவருடைய ஷெட். பஸ், லாரி இன்ஜின்களைப் பிரித்துக் கட்டுவது தொழில். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பழைய மண் சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம். வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். அறையில் அக்காவும் மூன்று பெண் பிள்ளைகளும் படுப்பார்கள். சாமான் களவு போய்விடும் என்று மச்சான் ஷெட்டிலேயே கயிற்றுக் கட்டிலில் படுப்பார். எங்கள் வாப்பாவும் உம்மாவும் போனபிறகு, கல்யாணம் ஆகும்வரை நானும் அந்த அறையில்தான் கிடந்தேன். நான் விட்டுப்போன இடத்தில் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் வந்து படுத்துக்கொண்டன. யாரைக் குறை சொல்வது?

ஆகவே நான் சமையல்கட்டில் படுத்தேன். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அரிசிப் பானை. முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மடக்கினால்தான் படுக்கலாம். காலையில் எழுந்தால் கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

வந்த சில நாளில் என் புருஷனின் அண்ணன் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்தார். அவர்களுக்குக் கருவாட்டு வியாபாரம். குப்பத்தில் வாங்கித் திருப்போரூர்ச் சந்தைக்குப் போடுவார்கள். கெட்ட மனுஷர் இல்லை. நின்றபடியே பேசினார்.

"பாய், இவள இங்கயே வெச்சுக்கிறதுன்னா சொல்லு, சந்தோசம். இல்லன்னா கடைக்குப் பின்னால ஒரு ரூமு கீது. கருவாடு அடுக்கிக்கினு இருக்கோம், ஒரு ஓரத்த ஒதுக்கித் தர்றேன். எங்க எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுக்கினு கெடக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழம ஜும்மா முடிச்சிட்டு வரேன். முடிவா ஒண்ணு சொல்லு."

"பாக்கறேன்" என்றார் மச்சான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கருவாட்டு அறையில் எனக்குப் போக இஷ்டமில்லை. அந்த மூட்டைகளுக்கு நடுவில் போனால் திரும்பி வரவே மாட்டேன் என்று தெரிந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்குள் அப்போது யாரும் இல்லை.

மச்சான் எதையும் இடம் பார்க்காமல் செய்தவர் இல்லை. டீக்கடையில் கிளாஸை விளிம்புவரை ஊற்றினால் வாங்க மாட்டார். "கைக்கு எடம் வுடு" என்பார். அவருடைய பெரியப்பா மகன் ஒருவர் பாசமாகப் பட்டணத்திலிருந்து ஒரு பீரோ வாங்கி அனுப்பினார். மச்சான் வாசலை அளந்தார், பீரோவை அளந்தார், அதே வண்டியில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாதது அவருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

இதெல்லாம் தொழிலிலிருந்து வந்த பழக்கம். அந்தக் காலத்தில் ரோட்டில் ஓடிய வண்டிகளில் பாதி, சண்டை முடிந்து மிலிட்டரிக்காரன் கழித்துவிட்டவை. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் இன்ஜின், மூன்றாவதின் ஹெட் என்று கலந்து கட்டித்தான் ஓட்டினார்கள். இன்ஜினில் பிஸ்டன் ஏறி இறங்குகிற உருண்டைக் கிணறு இருக்கிறது. அதற்குப் போர் என்று பெயர். அதன்மேல் மூடியாக உட்காருவது ஹெட். மூடியில் இருக்கிற கதவுகள்தான் வால்வுகள். அவை கிணற்றுக்குள் இறங்கித் திறக்கும், இன்ஜின் மூச்சு விடும். வால்வு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மூச்சு என்று எல்லோரும் நினைப்பார்கள். மச்சான் வால்வைப் பார்ப்பதற்கு முன்னால் போரின் அகலத்தைப் பார்ப்பார்.

எங்கள் சமையல்கட்டுக் கதவை வைத்துத்தான் இதைச் சொல்லுவார். கதவுக்குப் பின்னால் அரிசிப் பானை இருந்ததால் அது பாதிக்கு மேல் திறக்காது. "கதவு பெருசா இருந்து இன்னா பிரயோஜனம்? பானை கீதுல்ல?" என்பார். அரிசிப் பானையை நகர்த்தி வைக்கலாமே என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நகர்த்த வேறு இடமும் இல்லை.

ஒவ்வொரு இன்ஜினைக் கட்டும்போதும் பின்பக்கம் வந்து "மாவு" என்பார். ரேஷன் கோதுமை மாவைத் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தடவி, எலுமிச்சங்காய் அளவு கொடுக்க வேண்டும். அதை பிஸ்டன் தலையில் சுவரை ஒட்டி அப்புவார். மேலே ஹெட்டை வைத்து இறுக்கி, கையாலேயே இன்ஜினைச் சுற்றுவார். திரும்பக் கழற்றினால் மாவில் வால்வின் தடம் பதிந்திருக்கும். பிளேடால் வெட்டி, எத்தனை கனம் மிச்சம் என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். பிறகு இரண்டு பதில்தான். 'எடம் கீது' அல்லது 'எடம் இல்ல'. நடுவில் ஒன்று கிடையாது.

"க்யூவுல நின்னு வாங்கின கோதும. புள்ளைங்களுக்கு ரொட்டி இல்ல, பிஸ்டனுக்கு ரொட்டி!" என்று அக்கா கத்துவாள். அக்கா பிசைந்தால் மாவு தளர்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நான்தான் பிசைந்து கொடுப்பேன். நான் போனபிறகு மாவு சரியில்லை என்று அவர் சொன்னதாக அக்கா ஒருமுறை சொன்னாள். என்னைப் பற்றி அவர் சொன்னதாக நான் கேட்டது அது ஒன்றுதான்.

என் கல்யாணம் முடிந்து எல்லோரும் சீர் சாமானோடு சதுரங்கப்பட்டினம் போனபோது கால்வாயைப் படகில் தாண்ட வேண்டியிருந்தது. படகுக்காரன் எல்லோரையும் ஏறச் சொன்னான். மச்சான் கரையில் நின்று, படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடம் இல்ல, போங்க" என்று அவர் மட்டும் நின்றுவிட்டார். படகு மறுபடி வந்து அவரை ஏற்றுவதற்குள் வெயில் ஏறிவிட்டது, விருந்தும் ஆறிவிட்டது. "உங்க மச்சானுக்குக் கப்பல்லகூட எடம் பத்தாது" என்று என் புருஷன் சிரித்தார். அவருக்கு எதற்கும் சிரிப்பு வரும். அவர் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் வருவதில்லை. அந்தச் சிரிப்பின் சத்தம் வருகிறது.

என் புருஷன் காய்ச்சலில் போனபோது மச்சான் வந்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. எங்கள் வீடு ஒரு குறுகிய சந்துக்குள். வெளியே, உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குகிற சத்தம் கேட்டது. பெண்கள் ஓதிக்கொண்டு அழுதார்கள். அதற்கு நடுவில் மச்சானின் குரல்.

"சந்து திரும்பாது. எடம் இல்ல. கால் பக்கம் மொதல்ல எடுங்க. கொஞ்சம் சாச்சுப் புடிங்க. ஆங், இப்போ வரும்."

அன்றைக்கு அவரை வெறுத்தேன். மரத்துக் கிடந்த உடம்பில் வெறுப்பு மட்டும் எங்கிருந்தோ வந்தது. என் புருஷனை ஒரு ஹெட்டைத் தூக்குகிற மாதிரி தூக்க வைத்தார் என்று நினைத்தேன். சந்தூக்கு எங்கேயும் இடிக்காமல் போனது என்பது பிறகுதான் தோன்றியது. தோன்றியும் வெறுப்பு குறையவில்லை.

நாயுடுவின் பஸ் கதை அதற்கு முந்தையது. என் புருஷன் இருந்தபோது, பெருநாளுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ் ஒன்றுக்கு நாயுடு முதலாளி. அதே ரோட்டில் போட்டிக்கு இன்னொரு பஸ் வந்து, ஏற்றத்தில் இவருடையதைத் தாண்டிப் போய்விடுகிறது. மிலிட்டரிச் சாமானில் பெரிய இன்ஜின் ஒன்றின் ஹெட்டைப் பிடித்துவந்தார். பெரிய பெரிய வால்வுகள். போல்ட்டுத் துளையெல்லாம் அவருடைய இன்ஜினோடு சேர்ந்தது. இந்தக் கலப்புக் கட்டுமானத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். போல்ட்டு சேர்ந்தால் எல்லாம் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

இன்ஜினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற தகடுதான் கேஸ்கட். மச்சான் நாயுடுவின் இன்ஜின் கேஸ்கட்டை அந்த ஹெட்டின்மேல் வைத்தார். கேஸ்கட்டின் வளையத்துக்குள் அடங்க வேண்டிய வால்வு, ஒரு நூல் வெளியே நின்றது.

"எடம் இல்ல மொதலாளி. வால்வு எறங்குனா செவுத்துல இடிக்கும். இடிக்காம வுட்டாலும் செவுத்தோட ஒட்டிக்கினு நிக்கும், அந்தப் பக்கம் காத்து எப்டி வரும்? ஒங்க போருக்குப் பழைய வால்வுதான் அளவு. அத நல்லா ஒக்கார வெச்சுத் தரேன்."

"செவுத்துல அந்த எடத்த மட்டும் கொஞ்சம் தேச்சு வுட்டா?" என்றார் நாயுடு.

மச்சானின் முகம் மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "செவுத்துல நான் கைய வெக்க மாட்டேன். கம்ப்ரஷன் போயிடும், காத்த அமுக்கற வலு கொறஞ்சிடும்."

நாயுடு ஹெட்டை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். அங்கே யாரோ கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் வெடித்துவிடும் என்று மச்சானின் கூட்டாளிகள் பேசிக்கொண்டார்கள். வெடிக்கவில்லை. பஸ் தினமும் ஷெட்டைத் தாண்டிப் போனது. தாண்டும்போது டிரைவர் வேண்டுமென்றே ஹார்ன் அடிப்பான். மச்சான் கையிலிருக்கிற வேலையை நிறுத்தி, அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை கேட்பார். நான் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தபோதும் அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் மச்சான் அறைக்குள் வந்தார். பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார். அக்காவின் பாய், பிள்ளைகளின் பாய் எல்லாவற்றையும் இரவில் விரிக்கிற மாதிரியே விரித்தார். மிச்சம் கதவோரமாக ஒரு துண்டுத் தரை. அதில் என் பாயை விரித்தார். ஒரு முனை ஷெட்டுச் சுவரில் முட்டியது. இன்னொரு முனை கதவுக்கு அடியில் போனது. கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்த முடியவில்லை. பாயைத் திருப்பிப் போட்டார், சாய்த்துப் போட்டார். ஒரு சாண் இடித்துக்கொண்டே இருந்தது.

"கால மடக்கிப் படுத்துக்கட்டுங்க. சமையக்கட்டுல அப்டித்தான படுக்கறா" என்றாள் அக்கா.

"மடக்கிப் படுக்கறது படுக்கறதா?" என்றார் மச்சான். பாய்களைச் சுருட்டி மூலையில் வைத்தார். "எடம் இல்ல."

நான் சமையல்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்டது. மீதி மீனையும் ஆய்ந்து முடித்தேன். கையைக் கழுவிவிட்டு, கொடியில் காய்ந்த என் துணிகளை எடுத்து மடித்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நடுவில் ஒரு நாள் இருந்தது. இப்போதே எதற்கு மடிக்கிறேன் என்று தோன்றியது. மடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஹார்ன் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாயுடுவின் பஸ்ஸை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டு முன்னால் நிறுத்தினார்கள். கேஸ்கட் போய்விட்டது. அது யார் கட்டிய இன்ஜினுக்கும் வருவதுதான். நாயுடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மச்சான் போல்ட்டுகளைக் கழற்றினார். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்றேன். ஜன்னல் ஷெட்டு முற்றத்தைப் பார்த்து இருந்தது.

ஹெட்டைத் தூக்கியதும் ஒவ்வொரு கிணற்றின் மேல் விளிம்பிலும், வால்வு இறங்குகிற இடத்தில் மட்டும், பிறை மாதிரி தேய்த்து எடுத்திருந்தது தெரிந்தது. மச்சான் அந்தப் பிறையில் விரலை விட்டார். விரலை எடுக்கவே இல்லை. நாயுடு பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னா பாய், தப்பா?"

"இல்ல. பிஸ்டனோட ரிங்கு ஏறி வர்ற எடத்துக்கு மேலயே நிறுத்திக்கீறான். நல்ல கையி."

"நீ எடம் இல்லன்னு சொன்னியே?"

"இல்லதான்" என்றார் மச்சான். "இவன் உண்டாக்கிக்கீறான்." பிறையிலிருந்து விரலை எடுத்து, "ஏத்தத்துல எப்டிப் போவுது?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தொங்கும். ஆனா ஓடுது பாய், பொய் சொல்லக் கூடாது."

மச்சான் இன்ஜினைத் துணி போட்டு மூடினார். திறந்த இன்ஜினை விட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். பாய் முட்டிய இடத்தில், தரையை ஒட்டி, சுவரில் கரியால் ஒரு பிறை வரைந்தார். குத்த ஆரம்பித்தார்.

அக்கா ஓடிவந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இவருக்குப் புத்தி கித்தி பெசகிடிச்சா? செவுர இடிக்கறாரே!" பிள்ளைகள் மூன்றும் மண்ணில் குதித்தன. அவர் சுவரை முழுதாகத் துளைக்கவில்லை. அந்தப் பக்கம் நாலு விரல் கனம் நிற்கும்வரை குடைந்தார். மேலே இருக்கிற மண் சரியாமல் இருக்க, ஷெட்டிலிருந்து ஒரு பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொண்டுவந்து வளைவாகச் செருகினார். ஈர மண்ணைக் குழைத்துக் கையாலேயே மெழுகினார். சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது நிறுத்தி, கை கால் கழுவித் தொழுதுவிட்டு வந்து மறுபடி மெழுகினார்.

பிறகு என் பாயை விரித்தார். என்னைப் பார்த்தார். கொழுந்தியாளைப் படுக்கச் சொல்ல முடியாது என்று அவருக்கே தெரிந்தது. அக்காவிடம் திரும்பினார்.

"நீ படு."

"நானா?"

"ரெண்டு பேரும் ஒரே ஒசரம்தான? படுன்னா."

அக்கா திட்டிக்கொண்டே படுத்தாள். தலை சுவருக்குள் போனது.

"முட்டுதா?"

"முட்டல."

"காலு?"

"நாலு விரல் எடம் கீது."

கதவைச் சாத்தினார். சாத்திக்கொண்டது. திறந்தார், மறுபடி சாத்தினார். அக்கா தலைமுடியில் மண்ணோடு எழுந்து உட்கார்ந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். "இங்க அப்பளம் மாதிரி ஆயிடிச்சே. மழ பேஞ்சா ஓதம் ஏறாதா?"

"கொஞ்சம் கம்ப்ரஷன் போவும்" என்றார் மச்சான். "ஓடும்."

அன்றைக்கு இரவு மண் ஈரம் என்று நான் சமையல்கட்டிலேயே படுத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து என் புருஷனின் அண்ணன் வந்தார். மச்சான் நாயுடுவின் ஹெட்டில் வால்வை உட்காரவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதே பெரிய வால்வுதான். வந்தவர் சலாம் சொன்னார். மச்சான் பதில் சலாம் சொல்லிவிட்டு, கையை நிறுத்தாமலேயே சொன்னார்.

"எடம் கீது."

"எங்க பாய்? அன்னிக்கி வந்தப்போ பாத்தனே. கால் வெக்க வழியில்லையே?"

"இப்போ கீது. டீ குடிச்சிட்டுப் போ." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பாமல், "மாவு" என்றார்.

நான் மாவு பிசைந்தேன். தண்ணீர் அதிகம் விடாமல், கெட்டியாக. ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அழுத்திப் பார்த்து, "ம்" என்றார். எனக்கு அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவர்மேல் இருந்த வெறுப்பைத் தேடிப் பார்த்தேன். அதுவும் இல்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அறைக்குள் போனேன். யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு என் பாயை விரித்துப் படுத்தேன். தலை சுவருக்குள் இருந்தது. மண் இன்னும் காயவில்லை. நாலு விரல் கனத்துக்கு அந்தப் பக்கம் அவர் வால்வைத் தேய்க்கிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. மடங்கியே பழகிய முழங்காலை மெதுவாக நீட்டினேன். வலித்தது. இன்னும் நீட்டினேன். எதிலும் முட்டவில்லை.